உன் அத்தையைப் பற்றிய அந்த வரி

உடும்பஞ்சோலை,
18-10-1976.

அன்புள்ள மகன் சற்குணத்துக்கு, அப்பா ஆசீர்வாதம் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் தங்கை சிசிலியும் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மருமகள் ஹெலனும் பேரனும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் தினமும் எழுந்திருக்கிறோம். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஏலக்காய் எடுப்பு நடக்கிறது, கூலிக்கு ஆள் கிடைக்காமல் தோட்டக்காரர்கள் காலையிலேயே கூலிக்காரர் லயத்து வாசலில் வந்து நிற்கிறார்கள். சிசிலிக்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கும் சேர்த்துப் பாடம் எடுக்கக் கொடுத்துவிட்டார்கள், தொண்டை கட்டிப்போய் வருகிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைப் போலத்தான். நீ அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாள், ஆனால் அது வெள்ளைக்காரர் முழங்காலுக்குச் செய்தது என்கிறாள். அவள் என்னிடம் பேசி இருபது நாளாகிறது. சோறு வைக்கிறாள், வெந்நீர் வைக்கிறாள், செருப்பை எடுத்து வாசலில் வைக்கிறாள், வாய் மட்டும் திறப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பேரனுக்குக் காதை மூடிக் குல்லாய் போடுங்கள். பனி காது வழியாகத்தான் இறங்கும், உனக்கு அப்படித்தான் ஒரு வருஷம் சீழ் வைத்தது.

நீ அனுப்பிய கட்டு ஆகஸ்ட் கடைசியில் வந்து சேர்ந்தது. ஹெலன் வீட்டார் தங்கள் குடும்பச் சரித்திரத்தை அச்சடிக்கப் போகிறார்கள் என்றும், அவர்கள் எழுதியதையும் உன் தாத்தாவான என் அப்பாவைப் பற்றி நீ எழுதிய அத்தியாயத்தையும் டைப் அடித்து அனுப்பியிருக்கிறேன் என்றும், வருஷங்கள் சரிதானா பார்த்துச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தாய். என் இங்கிலீஷ் ஒரு பக்கத்துக்கு மேல் மூச்சு வாங்கும் என்பது உனக்குத் தெரியும். சிசிலிதான் சாயந்தரம் சாயந்தரமாக வாசித்துத் தமிழில் சொன்னாள். ஹெலனுடைய பூட்டனார் எபனேசர் பிரசங்கியாரின் கதையை நாங்கள் நான்கு நாள் கேட்டோம். அமெரிக்காவில் அந்த நெப்ராஸ்கா பக்கம் அப்போது ஊரும் கிடையாது ரோடும் கிடையாது, இடுப்பளவு புல் மட்டுந்தான் இருந்தது என்றும், அவர் ஒரு குதிரையில் இரண்டு பையைத் தொங்கவிட்டுக்கொண்டு குடிசை குடிசையாகப் போய்ப் பிரசங்கம் செய்தார் என்றும், ஜனங்கள் அவருக்குச் சம்பளமாக மக்காச்சோளமும் உப்புக்கண்டமும் கொடுத்தார்கள் என்றும், அவர் வெளியே போயிருந்த ஒரு பனிக்காலத்தில் மனைவி தனியாகவே பிள்ளை பெற்று அது செத்து அவளே புதைத்தாள் என்றும் சிசிலி சொன்னபோது உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புல்தரையை மண்ணோடு கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்களாமே, மழைக்காலத்தில் பாம்பு விழுமாமே. நம் ஊரில் கூரையிலிருந்து அட்டை விழுந்ததைப் போல என்று நினைத்துக்கொண்டேன். அதெல்லாம் சரி. ஆனால் அவருடைய மூத்த மகன் நடனக் கொட்டகையில் பிடில் வாசித்தான் என்பதற்காக அவன் பெயரைக் குடும்ப வேதபுத்தகத்தின் முன் தாளில் மையால் அடித்துவிட்டார் என்றும், அந்த மகன் திரும்பி வரவே இல்லை என்றும், இது எங்கள் முன்னோர் செய்த பிழை என்று ஒளிக்காமல் எழுதி, அந்த மையடித்த தாளையே போட்டோ எடுத்துப் புத்தகத்தில் போடப்போகிறார்கள் என்றும் சிசிலி சொன்னாள். இதையெல்லாமா அச்சில் போடுவார்கள் என்று நான் கேட்டேன். நிஜம் என்றால் போட வேண்டியதுதானே அப்பா என்றாள்.

அடுத்த நாள் நீ எழுதிய அத்தியாயத்தை எடுத்தாள். நன்றாக எழுதியிருக்கிறாய். தாத்தா மாசிலாமணி உபதேசியார் 1909-ல் திருநெல்வேலித் தேரிக்காட்டிலிருந்து ஒரு மணியும் ஒரு லாந்தரும் எடுத்துக்கொண்டு போடி மலைப்பாதையில் ஏறி வந்தது, யானை கலைத்துப் போட்ட கோயிலை மூன்று தடவை கட்டியது, மலைக்காய்ச்சலில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தது, எல்லாம் நான் உனக்குச் சொன்னபடியே இருக்கிறது. உன் எழுத்தைக் கேட்கக் கேட்க உன் அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி வந்தது. மரணப் படுக்கையில் இருந்த உபதேசியார் சபைக்குப் புறம்பாகிப்போன தன் ஒரே மகளை மன்னித்து ஆள் அனுப்பினார், அவளோ வர மறுத்துவிட்டாள், அதற்காகவும் அவர் அவளைச் சபிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். சிசிலி அதை உருக்கமாக வாசித்தாள். போதும், மூடி வை என்றேன். இந்த வரி உன்னுடையது இல்லை, என்னுடையது. உனக்கு ஏழு வயதில் நான் சொன்னது. அது பொய். சற்குணம், இதை எழுத எனக்கு முப்பத்துமூன்று வருஷம் ஆகியிருக்கிறது. புத்தகம் அச்சுக்குப் போகும் முன்னே இந்தக் கடிதம் உன் கைக்கு வரவேண்டும் என்றுதான் சிசிலியை நெடுங்கண்டம் தபாலாபீசுக்கே அனுப்புகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உன் கத்தரீனாள் அத்தை எனக்கு மூன்று வயது மூத்தவள். தாத்தாவுக்கு வலது கை அவள்தான். அந்த நாளில் மிஷனிலிருந்து வரும் சம்பளம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடியிலேயே நின்றுவிடும். பிடியரிசியில்தான் நம் வீட்டு உலை கொதித்தது. லயத்துப் பெண்கள் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியை அள்ளித் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள், சனிக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவார்கள். தங்களுக்கே அரை வயிறு, அதிலும் ஒரு பிடி. அத்தைதான் லயம் லயமாகப் போய் அதை வாங்கி வருவாள், அப்படியே காய்ச்சல்காரர்களைப் பார்த்து, பிரசவம் பார்த்து, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவாள். தாத்தா பிரசங்கத்துக்கு வந்தவர்களைவிட அவள் முகத்துக்காக வந்தவர்கள் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. இதில் ஒரு வார்த்தைகூட நான் உனக்குச் சொன்னதில்லை.

தாத்தா சட்டத்தில் இரும்பு. குருவம்மாள் என்று ஒரு கைம்பெண், முதன்முதலில் ஞானஸ்நானம் எடுத்தவர்களில் ஒருத்தி, தன் மகளை அக்காள் மகனுக்கு இந்துக் கோயிலில் தாலி கட்டிக் கொடுத்தாள் என்று சபைக்குப் புறம்பாக்கினார். புறம்பானவர்களுக்கு நற்கருணை கிடையாது, அவர்கள் வீட்டுப் பிடியரிசியையும் வாங்கமாட்டோம். மறுபடி சேர வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வாசல்படியில் நின்று எல்லார் முன்னாலும் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும், தாத்தா இறங்கி வந்து வலது கை கொடுத்து உள்ளே அழைப்பார். குருவம்மாள் நிற்கவில்லை. நாலு வருஷம் கழித்து, 1934-ல், உன் அத்தை ஆறுச்சாமியோடு போடிக்குப் போய் மாலை மாற்றிக்கொண்டு வந்தாள். ஆறுச்சாமி பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளிக்காரர், நம் வேதத்தைச் சேராதவர், பொதிமாட்டில் அரிசி மூட்டை ஏற்றி மலைக்குக் கொண்டுவருகிற வேலை. அமைதியான மனுஷன், மாட்டைக்கூட அதட்டமாட்டார். ஊரே தாத்தா முகத்தைப் பார்த்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை குருவம்மாள், சொந்த மகளுக்கும் அதே சட்டந்தானா என்று பார்க்க, கோயிலுக்கு வெளியே மாமரத்தடியில் வந்து நின்றாள். தாத்தா அத்தையைப் புறம்பாக்கும் நோட்டீசை எழுதிவிட்டார், வாசிக்க அவருக்குக் குரல் வரவில்லை. என் கையில் கொடுத்து "நீ வாசில" என்றார். எனக்குப் பத்தொன்பது வயது. என் அக்காள் பெயரைக் கணீரென்று வாசித்தேன். நன்றாக வாசித்தாய் என்று இரண்டு பேர் வெளியே வந்து சொன்னார்கள், அப்போது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அதன் பிறகு பிடியரிசி வாங்கும் வேலை என்னிடம் வந்தது. அவளும் ஆறுச்சாமியும் கடைத்தெருவுக்குக் கீழே பொதிமாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பில் குடியிருந்தார்கள். முதல் சனிக்கிழமை நான் பையோடு போகிறேன், அவள் சுளகில் அரிசி வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நான் மேலே பார்த்துக்கொண்டு போய்விட்டேன். அடுத்த சனிக்கிழமையும் நின்றாள். ஒன்றும் கேட்கமாட்டாள், சுளகை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டுவாள். ஒருதடவை நான், "சபை உத்தரவு இல்லாம வாங்கக்கூடாது, ஒனக்குத் தெரியாதா" என்றேன். "தெரியும்டா. நீட்டக்கூடாதுன்னு உத்தரவு இல்லல்ல" என்றாள். மூன்று மாதம் அப்படி நின்றாள். பிறகு அவர்கள் பூப்பாறைக்குக் குடிபோனார்கள். தாத்தா ஒன்றும் கேட்டதில்லை, ஆனால் சனிக்கிழமை சாயந்தரம் நான் பையைக் கொட்டும்போது மட்டும் எழுந்து வந்து அரிசியைப் பார்ப்பார். இதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

இனி 1943-க்கு வருகிறேன். யுத்த காலம், அரிசி கிடையாது, மரவள்ளிக் கிழங்கைத் தின்று ஜனங்கள் வீங்கிக் கிடந்தார்கள். தாத்தாவுக்குக் காய்ச்சல் ஏறி இறங்கி எட்டு நாள் ஆகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை தெளிவாக இருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "ஏலே ஆசீர், பூப்பாறைக்குப் போயி ஒன் அக்காளக் கூட்டிட்டு வால. நான் போட்ட சட்டத்த நானே அவுத்துட்டுப் போறேன். சபைக்காரங்க பாத்தா பாக்கட்டும், அவ வாசல்ல நிக்க வேண்டாம், நேரா உள்ள வரட்டும்" என்றார். சரி அப்பா என்று புறப்பட்டேன். ஆனால் முந்தின வாரந்தான் குருவானவர் வந்து, உன் அப்பாவுக்குப் பிறகு இந்த வேலை உனக்குத்தான், சபையில் யாரும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். உன் அம்மாவுக்கு அப்போது நீ வயிற்றில். நடக்க நடக்க எனக்கு யோசனை. வாசலில் நிற்காமலே மகளைச் சேர்த்துக்கொண்டார் என்றால் குருவம்மாள் சும்மா இருப்பாளா, அவள் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா, முப்பத்துநாலு வருஷம் ஒரு சொல்லில் நின்ற மனுஷன் காய்ச்சலில் பிசகிப்போனார் என்றல்லவா பேசுவார்கள் என்று. அப்பாவின் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதித் தூரத்தில் சாந்தன்பாறை. மத்தியானம் அங்கே சாயாக் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு சாயா குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தவன், மூன்று சாயா குடித்தேன். தூற்றல் விழுந்தது, காலில் ஏறின அட்டைகளை ஒவ்வொன்றாக உப்பு வைத்து எடுத்தேன். பூப்பாறைப் பாதையையே பார்த்துக்கொண்டு நாலு மணிவரை இருந்தேன். பிறகு எழுந்து வந்த வழியே திரும்பினேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்து, அக்கா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள் அப்பா என்றேன். அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "நீ அவளப் பாத்தியா" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். "நல்லா இருக்காளா" என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன். "அது போதும்" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை போய்விட்டார். அடக்கத்துக்கு அத்தைக்கு ஆள் அனுப்பலாமா என்று உன் அம்மா கேட்டாள். கூப்பிட்டே வராதவளுக்கு எதற்கு என்றேன். உன் அம்மா அதை நம்பினாள். முப்பத்துமூன்று வருஷம் நம்பினாள். அதனால்தான் இப்போது பேசமாட்டேன் என்கிறாள்.

வேலை எனக்குக் கிடைத்தது. அதோடு விட்டேனா என்றால் இல்லை. வர மறுத்த மகளையும் சபிக்காத தகப்பன் என்று அதை ஒரு பிரசங்கமாகவே ஆக்கிவிட்டேன். எத்தனை தடவை சொன்னேனோ, சொல்லும்போது எனக்கே கண்ணீர் வரும், ஜனங்களும் அழுவார்கள். கோயில் பொன்விழா மலரில் எழுதினேன். நீயும் அங்கே படித்துத்தான் உருகியிருப்பாய். உன் கல்யாணக் கடிதம் வந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா. வெள்ளைக்காரப் பெண் என்று உன் அம்மா தயங்கினாள், நான்தான் பிரசங்கியார் வம்சத்துப் பெண், நம் வீட்டுக்கு ஏற்ற இடம் என்று சபையில் எழுந்து நின்று சொல்லி எல்லாருக்கும் காப்பி கொடுத்தேன். கடலுக்கு அப்பால் யாரென்றே தெரியாத பெண்ணை ஒரு நாளில் மருமகளாக ஏற்றுக்கொள்ள முடிந்தவனுக்கு, ஐந்து மணி நேர நடையில் இருந்த கூடப்பிறந்தவளிடம் போக முடியவில்லை. ஹெலன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவள் நல்ல பெண், இதை அவளுக்கும் வாசித்துச் சொல்.

நீ எழுதிய வரியைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. பொய் இங்கே மலைக்குள் கிடந்தவரைக்கும் சகித்துக்கொண்டேன், அது கப்பல் ஏறி அமெரிக்காவில் அச்சாகப் போகிறது என்றதும் பயம் வந்துவிட்டது. முதலில் உன் அம்மாவிடமும் சிசிலியிடமும் சொன்னேன். அம்மா பேச்சை நிறுத்தியது அன்றைக்குத்தான். மறுநாள் பஸ் ஏறினேன். போடி, பழனி, பொள்ளாச்சி, அங்கிருந்து பாலக்காட்டுச் சித்தூர் பஸ், இரண்டு நாள் ஆயிற்று. ஆறுச்சாமியின் சொந்த ஊருக்கே போய்விட்டார்கள் என்று ஏலக்காய் வியாபாரி ஒருவர் எப்போதோ சொல்லியிருந்தார், அதை வைத்துக்கொண்டு விசாரித்துப் போனேன். நடவு முடிந்த வயலுக்கு நடுவே ஓட்டு வீடு. ஆறுச்சாமி காலமாகி ஆறு வருஷம் ஆகிறதாம், எனக்கு யார் சொல்வார்கள். மகன் மாரப்பன்தான் வெளியே வந்தான், முப்பத்தைந்தை ஒட்டிய வயது, வயலைப் பார்க்கிறான், மாங்காய் காலத்தில் முதலமடைக்கு லாரி ஓட்டப் போகிறான். உடும்பஞ்சோலையிலிருந்து வருகிறேன் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க மாமா, ஊட்டுக்குள்ள வாங்க. அம்மா, யாரு வந்திருக்கறாங்கன்னு பாருங்க" என்றான். என்னை ஒருவர் மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் வந்தாள். முடியெல்லாம் வெளுத்து, நெற்றியில் திருநீறு. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ஆசீரா? ஏன் சாமி இப்படி எளச்சுப் போயிட்டே" என்றாள். பேச்சு முழுக்க அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. கை கால் கழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவளே உலை வைத்தாள். அரிசி களையும் முன்னே ஒரு பிடி எடுத்து மூலையில் இருந்த டப்பாவில் போட்டாள். நான் பார்ப்பதைப் பார்த்த அவள் மருமகள், "அத்தை எந்நாளும் இப்படித்தானுங்க, சனிக்கெழமை யாரு வந்து கேட்டாலும் அள்ளிக் குடுத்துருவாங்க" என்றாள். என்னால் அந்தச் சோற்றை ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை.

சாப்பிட்ட பிறகு சொன்னேன். அப்பா உன்னைக் கூப்பிட்டார், என்னைத்தான் அனுப்பினார், நான் சாந்தன்பாறையோடு திரும்பிவிட்டேன், நீ வரமாட்டேன் என்றதாகப் போய்ச் சொன்னேன், உன் தகப்பனை உனக்கு இல்லாமல் செய்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், எழுந்து போகச் சொல்வாள் என்று இருந்தேன். அவள் நான் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். பிறகு, "அப்பா கூப்பிட்டாரா" என்றாள். கூப்பிட்டார் என்றேன். "செவ்வாக்கெழமை தானே" என்றாள். எனக்குப் புரியவில்லை. அதன் பிறகு அவள் சொன்னதைத்தான் நான் உனக்குச் சொல்லவேண்டும். அப்பாவுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது என்று பொதிமாட்டுக்காரர்கள் சொல்லி, யாரும் கூப்பிடாமலே, மாரப்பனை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே பூப்பாறையிலிருந்து அவள் புறப்பட்டிருக்கிறாள். சாந்தன்பாறை வளைவுக்கு வந்தபோது சாயாக் கடையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவள் வருகிற பாதையையே பார்த்துக்கொண்டு. "நீ காவலுக்கு உக்காந்திருக்கேன்னு நெனச்சேன் ஆசீர். நான் வந்தா தடுக்கோணும்னு அப்பாதான் உன்னைய அங்க உக்கார வெச்சிருக்காருன்னு நெனச்சேன். அரிசியே வாங்காதவங்க என்னைய உள்ள உடுவாங்களான்னு. நீ எந்திரிச்சுப் போவேன்னு மரத்துக்குப் பொறகால நின்னு பாத்தேன். பையன் நனைஞ்சு அழுக ஆரம்பிச்சான். திரும்பிட்டேன்" என்றாள். இத்தனை வருஷமும் தன்னை வழிமறிக்கச் சொன்னவர் அப்பா என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவள் காலைப் பிடித்துவிட்டேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, என் தலையில் கை வைக்கவும் இல்லை. அப்பா சொன்னதை மறுபடி சொல்லு என்றாள். சொன்னேன். நல்லா இருக்காளா என்று கேட்டதையும் சொன்னேன். "நல்லா இருக்கறேன்னு சொன்னியா" என்றாள். சொன்னேன் என்றேன். "அது ஒண்ணாவது நெசம். அவரு என்னைய நல்லா வெச்சிருந்தாரு" என்று சுவரில் இருந்த ஆறுச்சாமி போட்டோவைக் காட்டினாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது. புறப்படும்போது மட்டும், அமெரிக்காப் புத்தகத்தில் தன் பேர் வருமா என்று கேட்டாள். வரும் என்றேன். அப்படியென்றால் அவர் பேரையும் பக்கத்தில் போடச் சொல்லு என்றாள்.

ஊர் திரும்பியதும் இப்போதிருக்கும் குருவானவரிடம் போனேன். வயது முப்பதுகூட இருக்காது. எல்லாவற்றையும் சொல்லி, வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் வாசல்படியில் நின்று சபை முன்னால் ஒத்துக்கொள்கிறேன் என்றேன். அந்த வழக்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது ஐயா, பழைய சங்கதி, வயதான காலத்தில் மனதை அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். எத்தனை பேரை அந்தப் படியில் நிற்க வைத்தவன் நான். என் முறை வந்தபோது படி இல்லை. அதனால் எனக்கு நிற்க இடம் உன் புத்தகம் ஒன்றுதான் சற்குணம். நீ தாட்சண்யம் பார்க்காதே. அப்பா மானம் போகுமே என்று மெழுகாதே. தாத்தாவைப் பற்றி நீ எழுதிய மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், மலையில் முதல் ஞானஸ்நானம் நடந்த வருஷத்தை மட்டும் 1911 என்று திருத்திக்கொள். அத்தையைப் பற்றிய அந்த வரியை எடுத்துவிட்டு, பிடியரிசியைப் பற்றியும் அவள் லயம் லயமாக நடந்ததைப் பற்றியும் ஒரு பக்கம் எழுது. அதற்குக் கீழே கடைசி வரியாக நான் சொல்வதை மட்டும், கூட்டாமல் குறைக்காமல், இங்கிலீஷில் போடு.

உனக்கும் ஹெலனுக்கும் பேரனுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளையும், ஒருவரிடம் ஒருவர் தாமதிக்காமல் போகிற மனதையும் தரட்டும். அம்மா இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள், அவளுடைய ஆசீர்வாதமும் இதில் உண்டு என்று நானாகவே எழுதிக்கொள்கிறேன். சிசிலி தனியே எழுதுவாள். புத்தகம் வந்ததும் முதல் பிரதி எனக்கு வேண்டாம், கீழே எழுதிய நல்லேப்பிள்ளி விலாசத்துக்கு அனுப்பு. மறவாதே. போடவேண்டிய வரி இது: உபதேசியாரின் மகள் கத்தரீனாள், ஆறுச்சாமியின் மனைவி, கூப்பிடாமலே தகப்பனைப் பார்க்க வந்தாள்; அவளைக் கூப்பிடப் போன தம்பி வழியில் உட்கார்ந்திருந்தான்.

இப்படிக்கு,
அந்தத் தம்பியும் உன் அப்பாவுமான
மா. ஆசீர்வாதம்

விலாசம்: கத்தரீனாள், மே/பா. ஆ. மாரப்பன், நல்லேப்பிள்ளி அஞ்சல், சித்தூர் வழி, பாலக்காடு ஜில்லா.